மண்ணின் குணம் கனியிலே

மூன்றாம் ஆண்டு இளம் அறிவியல், தாவரவியல்

சென்ற ஆண்டு ஆயுத பூசைக்கு முதல் நாள் எங்கள் பழக்கடையில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. என் தந்தையார் பேருந்து நிலையத்தை அடுத்து ஒரு சிறிய பழக்கடை நடத்தி வருகிறார். பண்டிகை நெருங்கினால் விலை ஏறிவிடும் என்று எண்ணி, இருபது நாள் முன்னதாகவே மண்டியிலிருந்து இமாசலப் பிரதேசத்து ஆப்பிள் ஐந்து பெட்டிகள் எடுத்து வீட்டின் உள்ளறையில் அடுக்கி வைத்திருந்தார். வந்து இறங்கியபோது பழங்கள் சிவந்து பெருத்துக் கண்ணைப் பறித்தன. பெரிய பழம் என்பதற்காகவே பெட்டிக்குக் கூடுதல் விலையும் கொடுத்திருந்தார்.

பூசைக்கு முதல் நாள் காலையில் வாங்கிச் சென்ற ஒருவர் மாலையில் பையோடு திரும்பி வந்தார். “என்ன அண்ணாச்சி, பூச்சி விழுந்த பழத்தைப் போட்டுத் தந்திருக்கீங்களே! சாமிக்கு வைக்கிற பழம்லா?” என்றார். தந்தையார் பதறிப்போய்ப் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தார். இரண்டு பெட்டிப் பழங்களில், காம்புக்கு எதிர்ப்புறமாகிய அடிப்பகுதியில், மிளகளவிலும் துவரம்பருப்பளவிலும் பழுப்பு நிறப் பள்ளங்கள் விழுந்திருந்தன. தோலைச் சீவினால் உள்ளே தக்கை போன்ற பழுப்புச் சதை. வாயில் வைத்தால் கசப்பு. வந்தவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு பெட்டியும் மாட்டுக்குப் போயின. அவ்வாண்டின் பண்டிகை லாபமும் அவற்றோடு போயிற்று. “மருந்தே அடிக்காத தோட்டத்துப் பழம். நம்ம தலையில கட்டிட்டான்” என்று முகமறியாத அந்தத் தோட்டக்காரரைத் தந்தையார் நொந்துகொண்டார்.

அப்பழங்களில் ஒன்றை மறுவாரம் எங்கள் துறைப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் அதை நறுக்கி உருப்பெருக்கியின் கீழ் வைத்தார். புழு நுழைந்த துளை இல்லை. பூஞ்சையின் இழையும் இல்லை. “இது பூச்சி செய்த வேலை இல்லை தம்பி. தோட்டத்து மண்ணிலேயே தொடங்கிய குறை. எப்படி என்று படித்து நீயே எழுது” என்றார். அவ்வாறு படித்தவற்றை நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆப்பிள் வந்த வழி

ஆப்பிளின் தாயகம் நடு ஆசியாவின் தியான் சான் மலைப்பகுதி. கசகஸ்தான் நாட்டின் மலைக்காடுகளில் இன்றும் அதன் காட்டு மூதாதை வளர்கிறது. இந்தியாவில், இமாசலத்தின் குலூ பள்ளத்தாக்கிலுள்ள பந்த்ரோல் என்னுமிடத்தில் 1870ஆம் ஆண்டளவில் கேப்டன் லீ என்ற ஆங்கிலேயர் ஆப்பிள் தோட்டம் அமைத்தார். அவர் கொணர்ந்த ஆங்கில வகைகள் பெரும்பாலும் புளிப்புச் சுவையுடையவை. பின்னர் சிம்லா மலைப்பகுதியின் கோட்கட்டில் குடியேறிய சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர், தம் நாட்டிலிருந்து டெலிசியஸ் எனப்படும் இனிப்பு வகைக் கன்றுகளை 1916ஆம் ஆண்டளவில் வரவழைத்து நட்டார். பிற்காலத்தில் இந்து சமயம் தழுவிச் சத்தியானந்தர் எனப் பெயர் பூண்டவர் அவரே. அந்த இனிப்பு வகைதான் இமாசலத்து மலைவாழ் மக்களின் பொருளாதாரத்தையே மாற்றியது எனலாம்.

காசுமீரத்தின் தோட்டங்கள் வேறு வகை நிலத்தில் உள்ளன. அங்கே பழங்காலத்து ஏரியொன்றின் படிவுகளால் ஆன மேட்டுச் சமவெளிகள் உண்டு. அவற்றைக் ‘கரேவா’ என்பர். மென்மையான வண்டல் மண்; சில இடங்களில் சுண்ணாம்பு மிகுந்தது. இமாசலத்திலோ செங்குத்தான சரிவுகள், கல் கலந்த மண், பல இடங்களில் இலேசான புளிப்புத் தன்மை. ஒரே டெலிசியஸ் மரம் இவ்விரு நிலங்களிலும் வளர்கிறது. ஆயினும் இரண்டிலும் தோட்டக்காரர் சந்திக்கும் சிக்கல்கள் ஒன்றல்ல.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆப்பிளின் தரம் மண்ணால் மட்டும் அமைவதன்று. குளிர்கால உறக்கம் இல்லையேல் அம்மரம் ஒழுங்காகப் பூக்காது. டெலிசியஸ் வகைக்கு 7 டிகிரி செல்சியசுக்குக் குறைந்த குளிர் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் வேண்டும். நிறத்துக்கு வெயிலும் குளிர்ந்த இரவும் தேவை. இவை வானம் தருபவை. மனிதன் மாற்ற இயலாதவை. மண்ணை ஓரளவேனும் அவன் மாற்றலாம். ஆகவேதான் மண்ணறிவு அவனுக்கு இன்றியமையாததாகிறது.

நல்ல மண் எது?

“நல்ல மண்” என்றால் சத்து நிறைந்த மண் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆப்பிள் மரத்தைப் பொறுத்தவரை அது பாதி உண்மையே. அம்மரம் முதலில் கேட்பது ஆழமும் வடிகாலும் காற்றும் ஆகும்.

வேரும் மூச்சு விடுகிறது. மண்துகள்களின் இடைவெளிகளில் ஒரு பகுதி நீராலும் ஒரு பகுதி காற்றாலும் நிறைந்திருக்க வேண்டும். களிமண் நிலத்தில் நீர் தேங்கினால் காற்று வெளியேறிவிடும். வேர்நுனிகள் மூச்சுத் திணறி அழுகும். பைட்டாப்தோரா என்னும் நோயுயிரி ஈரம் மிகுந்த இத்தகைய மண்ணில் செழித்து, மரத்தின் அடிப்பட்டையை அரித்துவிடும். மணற்பாங்கான நிலத்திலோ காற்று உண்டு, நீர் நில்லாது. இரண்டுக்கும் இடைப்பட்ட, மக்கிய பொருள் நிறைந்த பொலபொலப்பான இருமண்பாட்டு நிலமே ஆப்பிளுக்கு உகந்தது.

அடுத்தது மண்ணின் புளிப்பும் உவர்ப்பும். இதை அளக்கும் பி.எச். எண் 7 என்றால் நடுநிலை, அதற்குக் குறைந்தால் அமிலம், மிகுந்தால் காரம். ஆப்பிளுக்கு 6 முதல் 6.5 வரை மிகவும் ஏற்றது. மண் 5க்கும் கீழே புளித்துப் போனால் மாங்கனீசு அளவுக்கு மீறிக் கரைந்து மரத்துக்குள் செல்லும். டெலிசியஸ் மரத்தின் பட்டையில் அம்மை போட்டதுபோல் கொப்புளங்கள் தோன்றும். மாறாக, சுண்ணாம்பு மிகுந்த கார மண்ணில் இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் கரையாமல் நின்றுவிடும். இளந்தழைகள் நரம்பு மட்டும் பச்சையாயிருக்க, மற்ற இடமெல்லாம் வெளுத்து மஞ்சளாகும். வெளுத்த இலை போதிய சர்க்கரை செய்யாது. சர்க்கரை இல்லாக் கனி சுவைக்காது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. மண்ணில் ஒரு சத்து இருப்பது வேறு. அது மரத்துக்குக் கிடைப்பது வேறு. மரத்துக்குக் கிடைத்தாலும் அது கனிக்குப் போய்ச் சேர்வது வேறு. இந்த மூன்றாவது படியில்தான் எங்கள் வீட்டுப் பெட்டியில் விழுந்த பள்ளத்தின் மர்மம் அடங்கியுள்ளது. அதற்கு முன் தழைச்சத்தின் கதையைப் பார்ப்போம்.

தழைச்சத்தின் இரு முகங்கள்

நைட்ரஜன் எனப்படும் தழைச்சத்து இல்லாமல் இலையும் இல்லை, கிளையும் இல்லை. அது குறைந்தால் மரம் நலிந்து, கனிகள் சிறுத்து, ஓராண்டு காய்த்து மறுஆண்டு காய்க்காமல் போகும். ஆகவே தோட்டக்காரர் உரம் இடுகிறார். இலைகள் கரும்பச்சையாகத் தழைக்கின்றன. கனிகள் பருக்கின்றன. மகிழ்ச்சிதான்.

ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு என்பது இங்கே முற்றிலும் பொருந்தும். ஆப்பிளின் செந்நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. அது தோன்ற, கனியின் தோலில் நேரே வெயில் பட வேண்டும். சர்க்கரையும் சேர வேண்டும். தழைச்சத்து மிகுந்த மரத்தில் அடர்ந்த இலைகள் கனியை மறைக்கின்றன. இலையில் உண்டான சர்க்கரை புதுத் தளிர்களுக்குச் செலவாகிறது. விளைவு, கனி பெரிதாயினும் நிறம் மங்கல், சதை மென்மை, பழுக்கத் தாமதம், பறித்த பின் சில வாரங்களிலேயே மாவுபோல் உதிரும் தன்மை.

1894ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வோபர்ன் என்ற இடத்தில் பெட்ஃபோர்டு கோமகனும் ஸ்பென்சர் பிக்கரிங் என்ற வேதியியல் அறிஞரும் ஒரு பழத்தோட்ட ஆய்வுப் பண்ணையைத் தொடங்கினர். இளம் ஆப்பிள் மரங்களைச் சுற்றிப் புல் வளரவிட்டால் அவை வளர்ச்சி குன்றி நிற்பதைப் பிக்கரிங் எடுத்துக் காட்டினார். மரத்துக்குரிய நீரையும் தழைச்சத்தையும் புல் பங்கு போட்டுக்கொள்வது இதற்கு ஒரு முக்கியக் காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. வியப்பு யாதெனில், வளர்ந்து காய்க்கும் மரங்களுக்கு இதே புல் நன்மையும் செய்யக்கூடும் என்பதே. அது தழைச்சத்தை இழுத்துக்கொள்வதால் மரத்தின் மிதமிஞ்சிய செழிப்பு அடங்கிக் கனிகள் நன்கு சிவக்கின்றன. இன்று பல தோட்டங்களில் மரத்தடியைச் சுத்தமாக வைத்து, வரிசைகளின் இடையே மட்டும் புல் வளர்ப்பது இரு பயனையும் கருதியே.

பள்ளத்தைத் தேடிய அறிஞர்கள்

இனி எங்கள் பழத்தில் விழுந்த பள்ளத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயரைத் தமிழாக்கினால் ‘கசப்புக் குழி’ என்று வரும். இதைப் பூச்சி என்று நினைத்தவர் என் தந்தையார் மட்டும் அல்லர். உலகெங்கும் தோட்டக்காரர் அவ்வாறே நினைத்தனர்.

ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி இங்கிலாந்து சென்ற ஆப்பிள்களில் இக்குறை பெருநட்டம் விளைவித்தது. அதை ஆராயும் பணி 1911ஆம் ஆண்டில் டேனியல் மெக்அல்பைன் என்ற தாவர நோயியல் அறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் 1916 வரை உழைத்து ஐந்து அறிக்கைகள் அளித்தார். பூச்சியும் அன்று, பூஞ்சையும் அன்று; மரத்தின் நீரோட்டம் சீர்கெடுவதோடு இது தொடர்புடையது என்பது அவர் கண்ட முடிவு. மரங்களுக்குத் தெளித்த நச்சு மருந்தே காரணம் என்று அந்நாட்டிலேயே வேறு சிலர் வாதிட்டனர். எவ்வாறாயினும் நீரோட்டத்தோடு எந்தப் பொருள் வராமற் போனது என்பது அன்று விளங்கவில்லை.

1936இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் டிலாங் என்பவர் குறையுற்ற பழங்களையும் நல்ல பழங்களையும் எரித்துச் சாம்பலாக்கிச் சோதித்தார். குறையுற்ற பழங்களில் கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து குறைந்திருக்கக் கண்டார். இருபது ஆண்டுகள் கழித்து, 1956இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கார்மன், மேத்திஸ் என்ற இருவர் மரங்களின் மேல் கால்சியம் உப்புக் கரைசலைத் தெளித்தபோது குறை குறைவதைக் காட்டினர். முடிச்சு அவிழ்ந்தது.

சுண்ணாம்பு கனிக்கு ஏன் எட்டுவதில்லை?

செங்கற்களை இணைக்கும் சாந்து போலச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைப்பது பெக்டின் என்ற பொருள். அதற்கு உறுதி தருவது கால்சியம். செல்லின் மெல்லிய சவ்வையும் அது காக்கிறது. கால்சியம் மிகக் குறைந்த இடத்தில் சவ்வு கசிகிறது, செல்கள் மடிகின்றன, மடிந்த செல்கள் பழுப்பாகித் தக்கையாகின்றன. அதுவே பள்ளம்.

ஆப்பிளின் எடையில் ஏறத்தாழ 85 விழுக்காடு நீர். நூறு கிராம் பழத்தில் பொட்டாசியம் 100 மில்லிகிராம் அளவுக்கு இருக்க, கால்சியம் 5 அல்லது 6 மில்லிகிராம் மட்டுமே. அதே மரத்தின் உலர்ந்த இலையிலோ நூறு கிராமுக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் உண்டு. இலைக்கு அள்ளிக் கொடுக்கும் மரம் கனிக்குக் கிள்ளிக் கொடுப்பதேன்?

தாவரவியல் படித்தோர் அறிவர்: வேர் உறிஞ்சிய நீரை மேலே ஏற்றும் குழாய் சைலம், இலை செய்த உணவைப் பகிர்ந்தளிக்கும் குழாய் புளோயம். பொட்டாசியம் இரண்டு வழியிலும் செல்லவல்லது. கால்சியமோ பெரும்பாலும் சைலம் வழியாக நீரோடு மட்டுமே செல்லும். ஓரிடத்தில் தங்கினால் பிறகு பெயராது. நீர் எங்கே அதிகம் ஆவியாகிறதோ அங்கேதான் அதிக நீர் பாயும். பரந்த இலை ஓயாது நீராவியை வெளிவிடுகிறது. மெழுகு பூசிய கனியோ மிகச் சிறிதளவே விடுகிறது. ஆகவே நீரோடு வரும் கால்சியத்தில் பெரும்பங்கை இலை வாங்கிக்கொள்கிறது.

அதுமட்டுமன்று. கனி வளர வளர அதனுள் செல்லும் சைலக் குழாய்கள் பல அறுந்து செயலிழக்கின்றன. எனவே கனிக்கு வேண்டிய கால்சியத்தில் பெரும்பகுதி, பூ உதிர்ந்த பின் வரும் முதல் சில வாரங்களிலேயே உள்ளே சென்றாக வேண்டும். பின்னர் கனி பெருக்கப் பெருக்க, உள்ளே சென்ற அதே கால்சியம் பெரிய சதையில் நீர்த்துப் போகிறது. காம்பிலிருந்து தொலைவிலுள்ள அடிப்பகுதிக்கு மிகக் குறைவாகவே சேர்கிறது. பள்ளங்கள் அடியிலேயே விழுவதன் காரணம் இதுவே. பெரிய பழங்களே அதிகம் கெடுவதன் காரணமும் இதுவே. நம் ஊர்த் தோட்டங்களில் தக்காளிக் காயின் அடி கறுத்து அழுகுவதைப் பார்த்திருப்போம். அதுவும் இதே கால்சியக் குறையால் நேர்வதுதான்.

மண்ணின் பங்கு

இவ்வளவும் கனிக்குள் நடப்பவை. இதில் மண் எங்கே வருகிறது?

முதலாவது, வேர்நுனி. வேரின் உட்புறத்தில் அகத்தோல் என்ற அடுக்கு உண்டு. வேர் முதிர்ந்தால் காஸ்பேரியன் பட்டையும் தக்கைப் பொருளும் அதனை அடைத்துவிடும். அடைபடாத இளம் வேர்நுனியின் வழியேதான் கால்சியம் எளிதில் உட்புகும். மண் காய்ந்தால் புது நுனிகள் தோன்றா; நீர் தேங்கினால் தோன்றிய நுனிகள் அழுகும்; மண் இறுகினால் நுனி துளைத்துச் செல்லாது. மண்ணில் சுண்ணாம்பு கொட்டிக் கிடந்தாலும் வாங்கும் வாய் இல்லையேல் என்ன பயன்? சுண்ணாம்பு நிறைந்த நிலத்திலும் கசப்புக் குழி தோன்றுவது இதனாற்றான்.

இரண்டாவது, நீரின் ஒழுங்கு. இமாசலத்தில் ஆப்பிள் பூப்பது பெரும்பாலும் ஏப்ரல் மாதத்தில். கனிக்குக் கால்சியம் சேர வேண்டிய வாரங்கள் ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரை. பருவமழையோ ஜூன் பிற்பகுதியில்தான் வந்து சேரும். இடைப்பட்ட வாரங்களில் மழையை நம்பிய சரிவுத் தோட்டம், குளிர்காலப் பனி உருகி மண்ணில் தங்கிய ஈரத்தையே பெரிதும் நம்பி வாழ வேண்டும். பனி குறைந்த ஆண்டில் அந்த ஈரமும் குறையும். மண் வறண்டால் இலை தன் தாகத்துக்குக் கனியிலிருந்தே நீரைத் திருப்பி இழுப்பதும் உண்டு. அதன்பின் பெருமழை பெய்து கனி மளமளவென்று பருக்கும். குறைந்த கால்சியம், பெருத்த சதை! கசப்புக் குழிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மூன்றாவது, உரங்களின் போட்டி. பொட்டாசியமும் மக்னீசியமும் அளவோடு இருந்தால் நன்மை. 1920களில் இங்கிலாந்தின் லாங் ஆஷ்டன் ஆய்வு நிலையத்தில் தாமஸ் வாலஸ் என்பவர், ஆப்பிள் இலையின் ஓரம் கருகுவது பொட்டாசியக் குறையால் என்று நிறுவினார். பொட்டாசியம் குறைந்தால் கனியின் அளவும் நிறமும் புளிப்பும் குன்றும். ஆனால் அது மிகுந்தால் வேரின் வாயிலில் கால்சியத்தோடு போட்டியிட்டு அதைப் பின்னுக்குத் தள்ளும். அம்மோனிய வடிவில் இடும் தழையுரமும் அவ்வாறே செய்யும். தழைச்சத்து மிகுந்தால் தோன்றும் புதுத் தளிர்கள் எஞ்சிய கால்சியத்தையும் பறித்துக்கொள்ளும். ஆக, பெரிய பழம் வேண்டி அள்ளிக் கொட்டிய உரமே பழத்தைக் கெடுக்கும் விந்தையை இங்கே காண்கிறோம்.

நான்காவதாக, மண்ணில் மிக நுண்ணிய அளவே வேண்டப்படும் போரானையும் குறிப்பிட வேண்டும். அது குறைந்தால் கனியின் சதைக்குள்ளே தக்கைத் திட்டுகள் தோன்றும். கனி கோணலாகி வெடிக்கவும் செய்யும். 1930களில் நியூசிலாந்து அறிஞர்கள் இக்காரணத்தைக் கண்டனர். மழை அடித்துச் செல்லும் சரிவு மண்ணில் போரான் நிற்பதில்லை. வறண்ட மண்ணிலோ இருந்தும் கிடைப்பதில்லை. கசப்புக் குழி பெரும்பாலும் பறித்த பின் தோலையொட்டித் தோன்றும். போரான் குறை மரத்திலேயே தோன்றி, சதையின் ஆழத்திலும் காணப்படும். இவ்வேற்றுமை அறியாமல் ஒன்றுக்கு மற்றொன்றின் மருந்தை அளித்தால் பணமும் காலமும் வீணாகும். போரான் மிகுந்தாலும் மரத்துக்குக் கேடு.

தோட்டக்காரர் செய்யக்கூடியவை

இவற்றையெல்லாம் அறிந்து இன்று தோட்டக்காரர்கள் பல வழிகளைக் கையாள்கின்றனர். கன்று நடுமுன்னரே மண்ணைச் சோதித்து, புளிப்பு மிகுந்திருந்தால் சுண்ணாம்பு இட்டு ஆழமாகக் கலக்க வேண்டும். நட்ட பின் மேலே தூவிய சுண்ணாம்பு வேருக்கு இறங்க ஆண்டுகள் பல ஆகும்.

இமாசலத்தில் மரத்தடியில் வட்டமாக எடுக்கும் பாத்தியைத் ‘தௌலியா’ என்பர். குளிர்காலத்தில் அதைக் கொத்தித் தொழுவுரம் இடுவர். பனியின் ஈரம் போகுமுன் அதன்மேல் உலர்ந்த புல்லைப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்காகப் பரப்புவர். இது வெயிலைத் தடுத்து ஈரத்தைக் காக்கிறது; மக்கி உரமாகிறது; வேர்நுனிகள் மேல்மண்ணில் தழைக்க இடமளிக்கிறது. கனி கால்சியத்தைப் பெற வேண்டிய அந்த வறண்ட வாரங்களில் இந்தப் புல் போர்வை செய்யும் உதவி பெரிது. வாய்ப்புள்ளோர் சொட்டுநீர்க் குழாயும் அமைக்கின்றனர்.

உரத்துக்கும் ஓர் அளவு உண்டு. இமாசலத்தில் பரிந்துரைக்கப்பட்டு வரும் கணக்கு, மரத்தின் வயதில் ஓராண்டுக்குத் தழைச்சத்து 70 கிராம், மணிச்சத்து 35 கிராம், சாம்பல்சத்து 70 கிராம், தொழுவுரம் 10 கிலோ. பத்தாண்டு ஆனபின் 700, 350, 700 கிராமும் 100 கிலோ தொழுவுரமும் என்று அது நின்றுவிடும். மரம் மேலும் வளர்கிறது என்பதற்காக உரம் ஏறிக்கொண்டே போவதில்லை. அதனையும் இலை, மண் இவற்றின் சோதனைப்படி கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.

நடும் கன்றின் வேர்ப்பகுதியும் மண்ணுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 1913இல் தொடங்கிய இங்கிலாந்தின் கிழக்கு மாலிங் ஆய்வு நிலையத்தில் வகைப்படுத்தப்பட்ட எம்.9 என்னும் குட்டை வேர்க்கன்றின் மேல் ஒட்டுக் கட்டினால் மரம் சிறுத்து, வெயில் உள்ளே பாய்ந்து, கனிகள் நன்கு சிவக்கும். ஆனால் அதன் வேர் ஆழம் குறைந்தது, வறட்சி தாங்காது. நீர்வசதியும் நல்ல மண்ணும் உள்ள இடத்துக்கே அது பொருந்தும். வறண்ட சரிவுக்கு விதையிலிருந்து எழுந்த ஆழ்வேர்க் கன்றே துணை.

இத்தனைக்குப் பிறகும் கால்சியம் எட்டவில்லை என்றால், மண்ணை விட்டுக் கனிக்கே நேரே ஊட்டுவதுதான் வழி. 0.5 விழுக்காடு அளவிலான கால்சியம் குளோரைடு கரைசலை அறுவடைக்கு முந்திய வாரங்களில் கனிகள் நனையுமாறு தெளிக்கின்றனர். இலையில் பட்டது இலையோடு நின்றுவிடும். கனியில் பட்டதே கனிக்குப் பயன்படும்.

முடிவுரை

மண் வளம் என்பது நிறைந்து கிடப்பதில் இல்லை; வேண்டியது வேண்டிய வேளையில் வேண்டிய உறுப்புக்குப் போய்ச் சேர்வதில் இருக்கிறது. காற்றும் நீரும் உரமும் ஒன்றையொன்று மிஞ்சாமல் நிற்கும் மண்ணிலேதான் நிறமும் சுவையும் உறுதியும் உடைய கனி விளையும். நான் கற்றுக்கொண்ட பாடம் இதுதான்.

இதையெல்லாம் ஓரிரவு கடை கட்டிய பிறகு தந்தையாருக்கு எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், “அப்போ அந்தத் தோட்டக்காரன் நம்மள ஏமாத்தலைங்கிறியா?” என்றார். “ஏமாற்ற அவருக்கே தெரிந்திருக்காதுப்பா. பறிக்கிற அன்றைக்குப் பழம் நல்லாத்தான் இருந்திருக்கும். பள்ளம் பிறகுதான் விழும். இந்த மாதிரி பெட்டிகள் திரும்பி வந்தால் அவருக்கும் நட்டம்தான்” என்றேன். சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். “நாம பெரிய பழமா வேணும்னு கேக்கப் போயித்தானே அவனும் உரத்தைக் கொட்டுறான்” என்றார் பிறகு. நூல்கள் பலவற்றைப் படித்த எனக்கு அது தோன்றவில்லை.

இவ்வாண்டு ஆயுத பூசைக்கு அவர் நடுத்தர அளவுப் பழங்களாகப் பார்த்து எடுத்தார். வெப்பமான உள்ளறையில் நாள்கணக்காக அடுக்கி வைக்காமல், விற்க விற்க மண்டியிலிருந்து கொணர்ந்தார். ஒவ்வொரு பெட்டியிலும் நாலைந்து பழத்தைத் திருப்பி அடிப்பகுதியைப் பார்த்த பின்னரே விலை பேசினார். நண்பர்களே, கடையில் ஆப்பிள் வாங்கும்போது நீங்களும் அவ்வாறே திருப்பிப் பாருங்கள். பளபளக்கும் பெரிய பழத்தையே தேடாமல், அளவான பழத்தைத் தேர்ந்தெடுங்கள். எங்கோ தொலைவிலுள்ள மலைச்சரிவில் உரத்தை அளந்து இட்டு, புல்லைப் பரப்பி, ஈரத்தைக் காத்த ஒரு தோட்டக்காரரின் உழைப்புக்கு நாம் தரும் மதிப்பு அதுவே.